குப்பை நேரம்

எலிக்கு ரத்த அழுத்தம் பார்க்க வேண்டுமா? அப்படியானால் முதல் விதி, எலி இருக்கும் அறைக்குள் காலை வைக்கக் கூடாது. சிரிக்காதீர்கள், உள்ளதைத்தான் சொல்கிறேன்.

எலியின் வயிற்றுக்குள் சுண்டுவிரல் நுனி அளவில் ஒரு கருவியை வைத்துத் தைத்துவிடுவார்கள். அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் பெரிய ரத்தக்குழாய்க்குள் போகும். எலி பாட்டுக்குத் தின்னும், தூங்கும், பக்கத்துக் கூண்டுக்காரனை முறைக்கும். அதன் அழுத்தம் மட்டும் வானொலி மாதிரி ஒலிபரப்பாகிக்கொண்டே இருக்கும். கூண்டுக்கு அடியில் இருக்கும் தட்டு அதைப் பிடித்துச் சுவருக்கு அந்தப் பக்கத்துக் கணினிக்கு அனுப்பிவிடும். எல்லாம் சரி, யாராவது கதவைத் திறந்தால் போச்சு. தண்ணீர் மாற்ற, கூண்டு கழுவ, எடை பார்க்க என்று எந்த நல்ல காரியத்துக்கு வந்தாலும் எலிக்கு அழுத்தம் ஜிவ்வென்று ஏறிவிடும். வந்தவர் போன பிறகும் அது இறங்க ஒரு மணி நேரம் பிடிக்கும். வந்தது மேதையா பூனையா என்று எலிக்கு என்ன தெரியும், பாவம்!

ஆகவே அந்த ஒரு மணி நேரத்துக் கணக்கை அப்படியே வெட்டி எறிந்துவிடுவார்கள். ஆய்வகத்தில் அதற்குக் ‘குப்பை நேரம்’ என்று பெயர். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்குக் கழிப்பறை எங்கே இருக்கிறது என்று காட்டுவதற்கு முன்பே இதைச் சொல்லிக்கொடுத்துவிடுவாள் நம் தங்கச்சி.

அவளைத் தங்கச்சி என்றே சொல்கிறேன். ஆய்வகத்தில் அவள் மேடம். கதவுப் பலகையில் அவள் முனைவர். மாநாடுகளில் மாலைக்குப் பதில் கழுத்தில் அட்டை தொங்கும் பெரிய மனுஷி. அதெல்லாம் வெளியே. வீட்டில் ஓர் அக்கா இருக்கும்வரை, ஐம்பதை நெருங்கினாலும் தங்கச்சி தங்கச்சிதான்.

அவளுடைய ஆராய்ச்சியைச் சொல்லாமல் கதை நகராது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். ஹார்மோன் என்பது ரத்தத்தோடு ஓடும் ஒரு கூப்பாடு. அது தெருவெல்லாம் கேட்கும்படிக் கூப்பிட்டாலும், அந்தப் பெயருக்குரிய ஆள்தான் திரும்பிப் பார்ப்பார். அப்படித் திரும்பிப் பார்க்கிற ஆள்தான் ஏற்பி. ஆஞ்சியோடென்சின் என்று ஒரு ஹார்மோன் இருக்கிறது. ஆய்வகத்தில் செல்லமாக ‘ஆஞ்சி’. ரத்தக்குழாயை இறுக்குவது அதன் வேலை. அதற்கு ரத்தக்குழாயில் ஏற்பி இருக்கிறது, நியாயம். இதயத்தில் இருக்கிறது, சிறுநீரகத்தில் இருக்கிறது, அதுவும் நியாயம். மூளையில் எதற்கு? குழாய் இறுக்குகிறவனுக்கு மேல்மாடியில் என்ன வேலை?

இந்தக் கேள்விதான் அவளைப் பிடித்து ஆட்டியது. பல் தேய்க்கும்போதும் அதுதான், பேருந்துக்கு நிற்கும்போதும் அதுதான். மூளைக்குள் இருக்கும் இந்த ஏற்பிதான் ஒவ்வொருவருக்கும் அன்றாட அழுத்தம் இவ்வளவு என்று தீர்மானிக்கிறது என்பது அவள் ஊகம். பாதி எலிகளுக்கு மூளைக்குள் நுண்குழாய் வழியாக மருந்து விட்டு, அந்த ஏற்பியின் காதைப் பொத்திவிட்டாள். மீதிப் பாதிக்கு வெறும் உப்புநீர். காது பொத்திய எலிகளுக்கு அழுத்தம் இறங்கி நிற்க வேண்டும். இறங்கவில்லை. இரண்டு வருஷமாகக் கோட்டின் மேல் கோடாக இரண்டு கூட்டமும் ஒரே அழுத்தத்தில் கிடந்தன.

ஆய்வகத்தில் தலைவலி இது என்றால் வீட்டில் அதைவிடப் பெரியது ஒன்று உட்கார்ந்திருந்தது. அக்காவுக்கு ரத்தக்கொதிப்பு.

அக்கா பேருந்து நிலையத்தில் முன்பதிவு ஜன்னலில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள். “வரிசையில வாங்க!” என்று அவள் ஒரு சத்தம் போட்டால், வரிசையில் இல்லாத ஆட்கள்கூட ஏதாவது ஒரு வரிசையில் போய் நின்றுகொள்வார்கள். கணவர் காலமான பிறகு தங்கச்சியோடு இரண்டாவது மாடி வீட்டுக்கு வந்துவிட்டாள். பயம் என்றால் கிலோ என்ன விலை என்று கேட்கிற ஜாதி. அப்படிப்பட்டவளுக்குப் போன வருஷம் அழுத்தம் ஏறியது. தங்கச்சி விடுவாளா? ஊரில் உள்ள எலிக்கெல்லாம் அழுத்தம் பார்க்கிறவள், உடன்பிறந்தவளை விட்டுவிடுவாளா?

தினமும் சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் பையைக் கீழே வைப்பாள். செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்ற மாட்டாள். “கையை நீட்டு.” அக்கா நீட்டுவாள். அழுத்தம் பார்க்கும் கருவியின் பட்டை உர்ரென்று இறுகும். நூற்றெழுபது. சில நாள் அதற்கும் மேல்.

“மத்தியானம் என்ன சாப்பிட்ட?”

“சாப்பாடுதான் சாப்பிட்டேன். செங்கல்லையா சாப்பிடுவேன்?”

“உப்பு?”

“உப்பா? அது எப்படி இருக்கும், வெள்ளையா கறுப்பா? பார்த்தே வருஷமாச்சு.”

“கடலை டப்பா காலியா இருக்கே.”

“எலி தின்னிருக்கும். உன் ஆபீஸ்லேர்ந்து ஒண்ணு ரெண்டு உன் பின்னாடியே வந்திருக்கும்.”

சிரிக்கவேண்டிய பேச்சு. தங்கச்சி சிரிக்க மாட்டாள். எண்ணைப் பார்த்துவிட்டால் அவளுக்குச் சிரிப்பு வராது. இதய டாக்டருக்கு எண்ணை அனுப்புவாள், டாக்டர் மாத்திரையைக் கூட்டுவார். ஒன்று இரண்டாகி, இரண்டு மூன்றாகி, அக்காவின் காலைச் சாப்பாடே பாதி மாத்திரைதான் என்று ஆனது. எண் மட்டும் அசையவில்லை.

அசையாவிட்டால்கூடப் பரவாயில்லை. அக்கா விழ ஆரம்பித்தாள். முதல் தடவை சமையலறையில், கண் இருட்டிக்கொண்டு வந்து மேடையைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த தடவை மாடிப்படியில் பிடிக்க ஒன்றும் அகப்படவில்லை. நல்லவேளையாகக் கடைசி மூன்று படிதான். முழங்கை வீங்கியதோடு போயிற்று. அன்றைக்குத் தங்கச்சி வீட்டுக்கு வந்தபோது அக்கா துணியில் பனிக்கட்டி சுற்றி முழங்கையில் வைத்துக்கொண்டு, “படி கொஞ்சம் நகர்ந்துடுச்சு” என்றாள். இன்னொரு தடவை மேல்படியிலிருந்து விழுந்து இடுப்பு போனால், அக்கா அவ்வளவுதான்.

“தலை சுத்துதுன்னா அழுத்தம் கம்மியா இருக்கணும்” என்றார் இதய டாக்டர். “இவங்களுக்கு இருக்கறது நூத்தெழுபது. எனக்கே புரியல. அளவு யார் எடுக்கறாங்க?”

“நான்தான் டாக்டர்.”

“அப்போ சந்தேகமே வேண்டாம். உங்களைவிட யார் சரியா எடுக்கப் போறாங்க? எதுக்கும் இங்கயும் ஒரு தடவை பார்த்துடுவோம்.”

அங்கேயும் பார்த்தார். தங்கச்சி பக்கத்தில் நின்றுகொண்டு, பட்டை சரியான உயரத்தில் இருக்கிறதா என்று மேற்பார்வை பார்த்தாள். நூற்றறுபத்தெட்டு.

“புது இடத்துப் படபடப்பா இருக்குமோ?” என்றார் டாக்டர்.

“வீட்லயும் இதேதான் டாக்டர். வீட்ல என்ன படபடப்பு? நான் என்ன வெள்ளைக் கோட்டு போட்டுக்கிட்டா நிக்கறேன்? கூடப் பிறந்தவ.”

டாக்டர் யோசித்துவிட்டு, அடுத்த வாரம் வரச் சொன்னார். அப்போதும் இறங்கவில்லை என்றால் நான்காவது மாத்திரை. கொடுத்தால் படியில் விழுவாளோ என்று பயம், கொடுக்காவிட்டால் மூளையில் குழாய் வெடிக்குமோ என்று பயம். அக்காவோ வெளியே வந்ததும், “அந்த டாக்டருக்குக் காது ஏன்டி அவ்வளவு பெருசு?” என்று கேட்டாள்.

தங்கச்சி அந்த வாரம் முழுக்க அக்காவின் உடம்பை மனத்துக்குள் பிரித்துப் பிரித்துப் போட்டாள். சிறுநீரகத்துக்குப் போகும் குழாய் சுருங்கியிருக்குமோ? படம் எடுத்தாயிற்று, சுத்தம். சுரப்பியில் ஏதாவது கட்டி? அதுவும் இல்லை. அப்படியானால் மூளைதான், மூளைக்குள் இருக்கும் ஏற்பிதான் என்று தன் செல்லப் பிள்ளையிடமே திரும்பத் திரும்ப வந்து நின்றாள். தச்சனுக்கு எதைப் பார்த்தாலும் ஆணி அடிக்கத் தோன்றும், இவளுக்கு எதைப் பார்த்தாலும் ஏற்பி.

அந்த வாரத்தில்தான் ஆய்வகத்தில் கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது.

அங்கே கணக்கு பார்க்கும் ஒருவருக்குச் ‘சராசரி’ என்று பெயர். நடுத்தர உயரம், நடுத்தர எடை, வெயில் எப்படி என்று கேட்டாலும் “சராசரியா இருக்கு” என்பார். தங்கச்சியின் வயதுக்காரர், நல்ல மனிதர், அவசரமே தெரியாதவர். இரண்டு வருஷத்து எலிக் கணக்கை மூட்டை கட்டி மேலிடத்துக்கு அனுப்புவதற்காக அவர்கள் இருவரும் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

“வித்தியாசம் ஒண்ணும் இல்ல மேடம். மருந்து வேலை செய்யலைன்னு எழுதிட வேண்டியதுதான்” என்றார் சராசரி.

“மருந்து ஏற்பியில போய் உட்கார்ந்திருக்கு. சோதிச்சுப் பார்த்தாச்சு. காதைப் பொத்தியும் ஒண்ணும் நடக்கலைன்னா, அந்தக் காது எதைத்தான் கேட்டுக்கிட்டு இருக்கு?”

“அது எனக்கெப்படித் தெரியும்? நான் காது டாக்டரா?”

தங்கச்சி கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு திரையையே பார்த்தாள். கோட்டில் அங்கங்கே வெட்டி எடுத்த இடங்கள் பல் விழுந்த மாதிரி இருந்தன. குப்பை நேரங்கள். அவளே போட்ட விதி, அவளே வெட்டிய இடம்.

“அந்தக் குப்பையெல்லாம் எங்க இருக்கு?” என்றாள்.

“எங்கேயும் போகல. தனியா கிடக்கு. ஏன்?”

“எடுங்களேன் பார்ப்போம்.”

“மேடம், குப்பைத் தொட்டிக்குள்ள கையை விட்டா நாத்தம்தான் வரும். நீங்கதானே சொல்வீங்க?”

“சொன்னேன். இப்போ எடுங்கன்னும் நான்தான் சொல்றேன்.”

முணுமுணுத்துக்கொண்டே எடுத்தார். இரண்டு கூட்டத்துக்கும் கதவு திறந்த நொடியை ஒன்றாக வைத்து, பின்னால் வந்ததையெல்லாம் கூட்டிச் சராசரி போட்டார். அந்த வேலையில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. திரையில் இரண்டு கோடு வந்தது. உப்புநீர்க் கூட்டம் கதவு திறந்ததும் மலை மாதிரி ஏறி மெல்ல இறங்கியது. காது பொத்திய கூட்டம் ஒரு சின்ன மேடு ஏறிவிட்டு, “வந்தியா, வா” என்று தன் பாட்டுக்குக் கிடந்தது.

தங்கச்சி நாற்காலியோடு ஒரு சுற்று சுற்றினாள். “அடேயப்பா! அடேயப்பா! இரண்டு வருஷமா கையில வெண்ணெயை வெச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்சிருக்கோமே!”

“அவசரப்படாதீங்க. தேடித் துழாவிக் கண்டுபிடிச்சதை நம்பக் கூடாது. புது எலி வெச்சு, இதையே முதல்லேர்ந்து செஞ்சு பார்க்கணும்.”

“பார்க்கலாம், பத்துத் தடவை பார்க்கலாம். ஆனா இதைப் பாருங்களேன். இந்த ஏற்பி அன்றாட அழுத்தத்தைக் கண்டுக்கவே இல்ல. யாராவது வந்தாத்தான் அதுக்கு வேலை! வர்ற ஆளைத்தான் அது கேட்டுக்கிட்டு இருக்கு!”

“அதைத்தான் நாம அசிங்கம்னு வெட்டி வெட்டி எறிஞ்சோம்” என்ற சராசரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. தேநீர் கொண்டுவந்து ஒன்றை அவளிடம் கொடுத்தார். “இந்தச் சந்தோஷத்துல கேக்க மறந்துட்டேன். உங்க அக்காவுக்கு இப்போ எப்படி இருக்கு?”

“எங்க? அப்படியேதான் இருக்கு. நேத்தும் நூத்தெழுபத்திரண்டு. வீட்டுக்குப் போனதுமே எடுத்தேன்.”

சொல்லிவிட்டு அவள் கோப்பையை வாயருகில் கொண்டுபோனாள். குடிக்கவில்லை. கோப்பை அப்படியே நின்றது.

வீட்டுக்குப் போனதுமே.

கதவைத் திறந்ததுமே. எலிக்கு எந்த நேரத்தைக் குப்பை என்று வெட்டி எறிந்தாளோ, அக்காவுக்கு அந்த நேரத்தை மட்டும் பொறுக்கிப் பொறுக்கி எடுத்து வைத்திருக்கிறாள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, வருஷம் பூராவும். எலிக்கு வெண்ணெய், அக்காவுக்குச் சுண்ணாம்பு. டாக்டரிடம் போனபோதும் பக்கத்தில் நின்றது யார்? இவள்தான். தன் முதுகு தனக்குத் தெரியாது என்று சும்மாவா சொன்னார்கள்! அறைக்குள் நுழைகிற ஆளைப் பற்றி உலகத்துக்கே பாடம் எடுத்தவளுக்கு, தானும் ஒரு ஆள், தானும் ஒரு அறைக்குள் நுழைகிறோம் என்று தோன்றவே இல்லை. கூடப் பிறந்தவள் என்றால் கதவு திறக்கிற சத்தம் கேட்காதா?

“மேடம்? முகம் ஏன் இப்படிப் பேயறைஞ்ச மாதிரி ஆயிடுச்சு?”

“எனக்கு ஒரு மெஷின் வேணும்” என்றாள் தங்கச்சி. “நான் இல்லாதப்போ அளக்கற மெஷின்.”

அது டாக்டரிடமே இருந்தது. இடுப்பில் மாட்டிக்கொள்ளும் சின்னப் பெட்டி, கையில் பட்டை. ஒரு பகலும் ஓர் இரவும் அரைமணிக்கு ஒருதரம் தானாக இறுகி, தானாக எழுதிக்கொள்ளும். அக்காவுக்கு அதைப் பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது. “இடுப்புல பெட்டி, கையில கயிறு. அடுத்து என்ன, கழுத்துல மணியா?” என்றாள். ஆனாலும் மாட்டிக்கொண்டாள். தங்கச்சி அன்றைக்கு வழக்கம்போல வேலைக்குப் போனாள், வழக்கம்போல வந்தாள். அவளுடைய பழைய கருவியை மட்டும் வெளியே எடுக்கவில்லை. அக்கா வழக்கம்போலக் கையை நீட்டிவிட்டு, “என்ன, இன்னிக்கு லீவா?” என்று சந்தேகமாகப் பார்த்தாள்.

மறுநாள் டாக்டர் அந்தத் தாளை மேஜையில் விரித்தார். காலையில் மூன்று மாத்திரையும் உள்ளே போன பிறகு அக்காவின் அழுத்தம் தொண்ணூற்றைந்து. பகலெல்லாம் நூறு, நூற்றைந்து என்று தரையோடு தரையாகக் கிடந்தது. மனுஷி கண் இருட்டி விழாமல் என்ன செய்வாள்? பிறகு சாயங்காலம் கோடு திடீரென்று எழுந்தது. தங்கச்சி பூட்டில் சாவியை நுழைப்பதற்கு அரைமணி முன்பே எழ ஆரம்பித்து, அவள் வந்து உட்கார்ந்தபோது நூற்றெழுபதைத் தொட்டது. அவள் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திய பிறகுதான் இறங்கியது.

“நான்காவது மாத்திரை கொடுத்திருந்தா...” என்று ஆரம்பித்த டாக்டர் அதை முடிக்கவில்லை. இரண்டு மாத்திரையை அடித்துவிட்டு ஒன்றை மட்டும் விட்டார். ஒரு மாதம் கழித்து இதே பெட்டியை மாட்டிப் பார்க்க வேண்டும் என்றார்.

வீட்டுக்கு வந்து தங்கச்சி தாளை அக்காவின் மடியில் வைத்தாள். எது எந்த நேரம் என்று விரலால் காட்டினாள்.

“அக்கா, என்னைப் பார்த்தா உனக்குப் பயமா?”

“சீ போ. உன்னை நான் இடுப்புல தூக்கிச் சுமந்தவ.”

“அதைக் கேக்கல. இப்போ பயமா?”

அக்கா தாளைத் திருப்பிப் பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தாள். ஒன்றும் இல்லை. சண்டைக்குச் சத்தம் போடுகிறவள், இப்போது மெதுவாகப் பேசினாள்.

“ஜன்னல்ல உட்கார்ந்து எத்தனை பேரைப் பார்த்திருக்கேன். குடிச்சிட்டு வர்றவன், கல்லைத் தூக்கிக்கிட்டு வர்றவன். ஒருத்தனுக்கும் பயந்ததில்ல. ஆனா தினம் சாயங்காலம் நீ வர்ற நேரமாச்சுன்னா நெஞ்சு அடிச்சுக்குது. எனக்கு தினமும் பரீட்சைடி. ஒரு நாள்கூடப் பாஸ் ஆனதில்ல. எண்ணைப் பார்க்கற, மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கற. ‘என்ன தின்ன, ஏன் தின்ன’ன்னு கேக்கற. எப்படி இருக்கன்னு என்னைக் கேட்டு எவ்வளவு நாளாச்சு? முன்னாடியெல்லாம் நீ எப்போடா வருவேன்னு இருக்கும். இப்போ ஒரு வருஷமா, இன்னும் கொஞ்சம் லேட்டா வரட்டுமேன்னு இருக்கு.”

தங்கச்சிக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. அவள் அழுது அக்கா பார்த்துப் பல வருஷமாகியிருந்தது. “நீ செத்துப் போயிடுவியோன்னு பயம் அக்கா. அதான்” என்றாள்.

“தெரியும்டி. அது தெரியாமயா கையை நீட்டிக்கிட்டு இருந்தேன்?”

அந்தப் பழைய கருவியை மறுநாளே சராசரியிடம் கொடுத்துவிட்டாள். அவருக்கு அழுத்தம் எவ்வளவு என்று கேட்கிறீர்களா? வேறென்ன, சராசரிதான்.

கருவி போனது சரி, வீட்டுக்கு வருவது எப்படி என்று தங்கச்சிக்குத் தெரியவில்லை. சிரிக்காதீர்கள், படித்தவர்களுக்கு இப்படிச் சில கஷ்டம் உண்டு. முதல் நாள் வந்து பையை வைத்துவிட்டு நின்றாள். கையை நீட்டு என்று சொல்ல முடியாது. என்ன சாப்பிட்ட என்று கேட்க முடியாது. அப்படிப் பார்த்தால் பேசுவதற்கு ஒன்றுமே இல்லை. வருஷம் முழுக்க அவர்கள் இருவரும் எண்ணைத் தவிர வேறெதையும் பேசியிருக்கவில்லை. அக்காவும் என்ன செய்வதென்று தெரியாமல் மேஜையைத் துடைத்தாள். துடைத்த மேஜையையே இன்னொரு தடவை துடைத்தாள்.

வேறு வழியில்லாமல் தங்கச்சி எலியைப் பற்றிச் சொன்னாள். புதுக் கூட்டத்தில் ஒரு எலி எடை பார்க்கும் தட்டில் ஏறினால் இறங்க மாட்டேன் என்கிறது, மற்றதெல்லாம் காத்துக்கிடக்கிறது என்றாள்.

“வரிசையில வரச் சொல்ல வேண்டியதுதானே?” என்றாள் அக்கா.

அப்படி ஆரம்பித்தது. மறுநாள், “அந்தத் தட்டுக்காரன் இன்னிக்கு இறங்கினானா?” என்று அக்காவே கேட்டாள். ஒரு வாரத்தில் எல்லா எலிக்கும் பட்டப்பெயர் வந்துவிட்டது. அக்காவின் பழைய ஜன்னல் அதிகாரிகள் எல்லாரும் கூண்டுக்குள் மறுபிறவி எடுத்தார்கள். தங்கச்சி வழியிலேயே அன்றைய கதையைக் கோத்துக்கொண்டு வர ஆரம்பித்தாள். கொஞ்சம் உப்புக் காரமும் சேர்த்துக்கொண்டாள், பேச்சில்தான். அக்காவுக்குத் தலைசுற்றல் நின்றுவிட்டது. மாடிப்படியில் கைப்பிடியைத் தொடாமலே இறங்கி, பார்க்கிறவர்களைப் பயமுறுத்தினாள்.

மாதம் முடிந்தது. பெட்டியை மாட்டினார்கள். பெட்டி மாட்டியிருந்த நாளில் நடந்த ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தங்கச்சி வந்ததும், ஒரு எலி சராசரியின் சட்டைக் கைக்குள் புகுந்து காலர் வழியாக வெளியே வந்த கதையை நடித்தே காட்டினாள். ‘வாய்விட்டுச் சிரித்தால் நோய்விட்டுப் போகும்’ என்பார்கள். சிரிக்கும்போது அழுத்தத்தை அளந்து பார்த்தவர்கள் யாரும் அதைச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று மறுநாள்தான் அவளுக்குத் தெரிந்தது.

டாக்டர் தாளை விரித்தார். பகலெல்லாம் நூற்றிருபத்தைந்து, நூற்றிருபத்தெட்டு. அவர் முகம் மலர்ந்தது. சாயங்காலத்துக்கு வந்ததும் விரல் நின்றது. அங்கே மறுபடியும் ஒரு மேடு. நூற்றறுபத்தைந்து. அதுவும் போன தடவை மாதிரியே, தங்கச்சி வருவதற்கு அரைமணி முன்பே ஏற ஆரம்பித்திருந்தது.

தங்கச்சி இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அதே இடம், அதே உருவம், ஏறக்குறைய அதே உயரம். இந்த ஒரு மாதத்துக் கதையும் சிரிப்பும் அக்கா தனக்காகப் போட்ட வேஷமா? உள்ளுக்குள் இன்னும் நெஞ்சு அடித்துக்கொண்டுதான் இருக்கிறதா? இருபது வருஷம் ஏற்பி ஏற்பி என்று அலைந்தவளுக்கு, இந்த மேட்டைப் பார்த்து ஒன்றுமே சொல்லத் தெரியவில்லை.

“சாயங்கால மாத்திரையா ஒண்ணு சேர்த்துக்கலாமோ?” என்று டாக்டர் பேனாவைத் திறந்தார்.

“ஒரு நிமிஷம் டாக்டர்” என்றாள் தங்கச்சி. அக்காவின் பக்கம் திரும்பினாள். “அக்கா, நான் வர்றதுக்கு முன்னாடியே ஏறியிருக்கு. உள்ளதைச் சொல்லு. இன்னும் பயமா இருக்கா?”

அக்கா தாளை வாங்கி, கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி, அந்த மேட்டைப் பார்த்தாள். பிறகு டாக்டரைப் பார்த்தாள். அந்த மருத்துவமனைத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் நிமிரும்படி அவளுடைய ஜன்னல் குரல் எழுந்தது.

“பேனாவை மூடுங்க டாக்டர்! அது எனக்கு வியாதி இல்ல. இவ எப்போடா வருவான்னு வாசல்ல போய் நின்னுக்கிட்டு இருந்தேன்.”

டாக்டர் பேனாவை மூடினார்.